கோச்சி எங்க நிக்கும்?

கத்தார் நாட்டு டோகாவில் எனக்குத் தந்த வேலை, தெருவில் அடித்திருந்த ஆணிகளைப் பார்ப்பது. 2015ஆம் ஆண்டு. அதற்கு முன் கிளிநொச்சியில் நிலம் அளக்கிற ஒரு சேவையரிடம் இரண்டு வருடம் ஸ்டாஃப், அதாவது மட்டம் பார்க்கிற அளவுகோல், பிடித்திருந்தேன். அந்த அனுபவத்தைச் சொல்லித்தான் போனேன். டோகா மெட்ரோவின் சிவப்பு வழித்தடத்துக்கு அப்போது நிலத்துக்குக் கீழே சுரங்கம் குடைந்துகொண்டிருந்தார்கள். அந்த வழி போகிற தெருக்களில் வரிசையாக ஆணிகள், பக்கத்துக் கட்டடச் சுவர்களில் அளவெடுக்கிற கருவிக்கு ஒளியைத் திருப்பி அனுப்பும் சின்னச் சின்னப் பிரிசக் கண்ணாடிகள். இயந்திரம் வருவதற்கு முன்பும், கீழே போய்க்கொண்டிருக்கும்போதும், போன பிறகு கிழமைக் கணக்கிலும் ஒவ்வோர் ஆணியின் மட்டத்தையும் எடுத்து எழுத வேண்டும். தரை எத்தனை மில்லிமீட்டர் தாழ்ந்தது என்பதுதான் கேள்வி.

கோடையில் விடிய முன்பே தொடங்கிவிடுவோம். உம் குவைலினா, பழைய விமான நிலையப் பக்கம் எல்லாம் அந்த நேரத்திலும் ஆள் நடமாட்டம் இருக்கும். தேத்தண்ணீர்க் கடை திறந்திருக்கும். மேலே நான் கருவியின் ஸ்டாண்டை நகர்த்தி நகர்த்திப் போக, கீழே அதே பாதையில் இயந்திரம் ஊர்ந்து வரும். அதன் சத்தம் மேலே கேட்காது. ஆனால் என் புத்தகத்தில் ஆணிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று இறங்கத் தொடங்கும்போது அது எந்தக் கடைக்கு நேரே வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

டோகாவின் அடிநிலம் சுண்ணக்கல், நமது யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போல. உள்ளே பொந்துகள் இருக்கும், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர், கடல் பக்கமாதலால் அதுவும் உப்பு. சாவகச்சேரியில் அம்மம்மா வீட்டுக் கிணறு வெட்டியபோது பார்த்த அதே வெள்ளைக் கல்லை அங்கே நிலையக் குழியில் கண்டபோது ஊர் ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அந்தக் கல்லைக் குடைய மூன்று வழித்தடங்களுக்குமாக 21 இயந்திரங்கள் வேலை செய்தன.

எங்களுக்கு மேலே இருந்த பொறியியலாளர் தமிழ்நாட்டுத் திருநெல்வேலிக்காரர். ஓய்வு நேரத்தில் வரைபடத்தை விரித்து வைத்துச் சொல்லித் தருவார். தெரு சட்டென்று திரும்பும், ரயில் அப்படித் திரும்பாது, அகலமான வளைவு வேண்டும். அதனால் கோடு தெருவை விட்டு விலகி வீடுகளுக்குக் கீழே போகும். அதற்காகத்தான் நான் ஆணி பார்க்கிறேன். இதெல்லாம் எனக்கு விளங்கியது. ஆனால் கோட்டை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டபோது அவர் சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. "தம்பி, முதல்ல கோடு இல்ல, புள்ளிதான். ஜனங்க எங்க வந்து நிக்காங்க, எங்க இருந்து எங்க நடக்காங்கன்னு ஆள் போட்டு எண்ணுவாங்க. ஸ்டேஷன் எங்கன்னு முடிவான அப்புறந்தான் கோடு." மூன்று வழித்தடங்களும் முஷெய்ரெப் நிலையத்தில் வந்து சந்திப்பதைக் காட்டினார். கோடுகள் அங்கே தற்செயலாக வந்து முட்டவில்லை, அந்த இடத்துக்காகவே வளைந்திருக்கின்றன.

அவரிடம் ஒரு தடவை நன்றாக ஏச்சு வாங்கினேன். ஒரு காலை ஓர் ஆணி மட்டும் முந்தின நாளை விட ஒன்பது மில்லிமீட்டர் கீழே காட்டியது. முன்னும் பின்னும் இருந்த ஆணிகள் அசையவில்லை. நான்தான் பிழையாக வாசித்துவிட்டேன் என்று பயந்து, பக்கத்து ஆணிகளுக்குப் பொருந்துகிற மாதிரி எண்ணைத் திருத்தி எழுதினேன். மாலையில் அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். "தரை சொன்னத எழுது. நீ நினைச்சத எழுதாத." அன்றிரவே திரும்பப் போய் எடுத்தோம். ஆணி உண்மையிலேயே இறங்கித்தான் இருந்தது. பக்கத்தில் குழாய்க்காக வெட்டி மூடிய மண் இளகியிருந்தது. சுரங்கத்தால் வந்ததல்ல. ஆனாலும் எல்லாம் சரியாக இருக்கிற வரிசையில் ஓரிடம் மட்டும் தாழ்ந்தால், நம்ப வேண்டியது அந்த ஓரிடத்தைத்தான் என்பது அன்றைக்கு மனதில் பதிந்தது.

நாங்கள் தங்கியிருந்தது தொழிற்பேட்டைப் பகுதியில். தொழிலாளர் முகாம்கள் நிறைந்த இடம். இந்தியர், நேபாளிகள், வங்காளிகள், நம்மவர்கள். வேலைக்குப் போக வர ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போவோம். அந்தப் பகுதிக்குள் மூன்று வழித்தடங்களில் ஒன்றுகூட வரவில்லை. சிவப்புக் கோடு தெற்கே அல் வக்ராவிலிருந்து வடக்கே லுசைல் வரை 40 கிலோமீட்டர் போகிறது, விமான நிலையத்துக்கு ஒரு கிளையும் இருக்கிறது. அவ்வளவு ஆட்கள் விடியற்காலையில் வரிசையில் நிற்கிற இடத்தில் ஒரு புள்ளி விழவில்லை. யார் யாரை எண்ணினார்களோ அவர்களுக்குத்தான் நிலையம். 2017இல் நான் ஊருக்கு வந்துவிட்டேன். 2019 மே மாதம் சிவப்பு வழித்தடம் ஓடத் தொடங்கியது. ஓட்டுநர் இல்லாத ரயில். அதில் நான் ஏறியதில்லை. ஆனால் அதன் ஒவ்வொரு வளைவுக்கும் மேலே நடந்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கோடு அதற்கு எவ்வளவோ முந்தியது. 1905இல் காங்கேசன்துறை வரை முழுப் பாதையும் திறந்தார்கள். யாழ்ப்பாணத்தைக் கொழும்போடு இணைக்கிற பாதை அது. வன்னி இடையில் கடக்க வேண்டிய காடு. வவுனியாவிலிருந்து ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று பெரும்பாலும் ஏ9 வீதியை ஒட்டியே ஏறுகிறது. 1956இல் யாழ்தேவி ரயில் வந்தது. ரயிலை எங்கள் சனம் கோச்சி என்றுதான் சொல்லும். 1990இல் எல்லாம் நின்றது. நான் பிறந்தது அந்தக் காலத்தில்தான். தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் பங்கர் மூடிக் கிடந்த பொருளாகத்தான் சின்ன வயதில் எனக்குத் தெரியும். அந்தக் கட்டைகளின் கீழே படுத்து ஷெல் சத்தம் எண்ணியிருக்கிறேன். 2009ஐப் பற்றி இங்கே எழுத மனமில்லை.

பிறகு மிதிவெடி அகற்றி, பழைய தடத்திலேயே புதிதாகப் போட்டார்கள். 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் வந்த நாள் சனத்தோடு சனமாக நானும் போய் நின்றேன். அடுத்த வருடம் ஒக்டோபரில் அது யாழ்ப்பாணம் போனது. எனக்கு அது பெரிய சந்தோசம், இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் டோகாவிலிருந்து திரும்பிய பிறகு அந்தக் கோட்டை வேறு கண்ணால் பார்க்கிறேன். மாங்குளம் முல்லைத்தீவு மாவட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில். அங்கிருந்து முல்லைத்தீவு நகரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஒட்டுசுட்டான், முள்ளியவளை, புதுக்குடியிருப்புச் சனத்துக்கு ரயில் என்பது முதலில் ஒரு பஸ் பிடித்துப் போய்ப் பார்க்க வேண்டிய சாமான்.

நிற்கிற இடத்தைச் சனமே தீர்மானித்ததற்கு எங்களிடம் முறிகண்டிப் பிள்ளையார் இருக்கிறார். அந்த வழியால் போகிற பஸ்ஸும் லொறியும் நின்று, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டுதான் கிளம்பும். யாரும் வரைபடம் கீறி அதைத் தரிப்பிடம் ஆக்கவில்லை.

போன வருடம் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீதியோரம் மழைத்தண்ணீர் ஓடக் கான் கட்டுவதற்கு மட்டம் எடுத்துக்கொண்டிருந்தோம். காலை ஏழு மணி இருக்கும். சந்தியில் ஒரு மருதமரம், கீழே கிளினிக் கொப்பியோடு ஒரு வயதான அம்மா, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூன்று பேர். பஸ் வரவில்லை. கருவியைப் பார்த்துவிட்டு அவர் கிட்ட வந்தார்.

"தம்பி, கோச்சிப் பாதை போடவோ அளக்கிறியள்?"

"இல்லை அம்மா, றோட்டுக்குக் கான் கட்ட."

"அப்ப ஒருநாளைக்குப் போட்டால், கோச்சி எங்க நிக்கும்?"

வரும் என்றோ வராது என்றோ என்னால் சொல்ல முடியவில்லை. "நீங்கள் எங்க நிண்டால் வசதி அம்மா?" என்று கேட்டேன்.

இதென்ன கேள்வி என்பது போலப் பார்த்தார். "இதிலதானே நிக்கிறன்" என்று மரத்தடியைக் காட்டினார்.

பஸ் அரை மணித்தியாலம் கழித்து வந்தது. அவர்கள் ஏறிய பிறகு ஸ்டாஃபை அந்த மரத்தடியில் வைக்கச் சொல்லி ஒரு வாசிப்பு எடுத்தேன். மருதமரம், காலை ஏழு மணி, நான்கு பேர் என்று புத்தகத்தின் ஓரத்தில் எழுதினேன். கான் வேலைக்கு அந்தப் புள்ளி தேவையில்லை.