இல்லாத இரண்டு தூண்கள்

"மேடையில் இரண்டு தூண்கள் தெரிகின்றனவே, அவை எதற்கு?" என்று ஒத்திகையின் நடுவே இயக்குநர் கேட்டார். மேடையில் தூண் எதுவும் இல்லை. இரவு ஆற்றங்கரைக் காட்சி அது. பின்திரை முழுவதும் கருமை, தொலைவில் ஒரு படகு விளக்கு, அவ்வளவுதான். அந்தக் கருமையின் மேல் ஒரு மீட்டர் அகலத்தில் வெளிறிய பட்டைகள் இரண்டு, கீழிருந்து உச்சிவரை நேராக எழுந்து நின்றன. பார்த்த கணமே காரணம் புரிந்துவிட்டது. பின்திரையில் புரொஜெக்டர்களால் படம் விழவைக்கும் என் மூன்று நாள் வேலையில் நான் பார்க்கத் தவறிய இடம் அதுதான்.

பின்திரையின் அகலம் 13 மீட்டர். மூன்று லேசர் புரொஜெக்டர்கள், ஒவ்வொன்றும் 5 மீட்டர் அகலத்துக்குப் படம் போடும். அடுத்தடுத்த படங்கள் ஒரு மீட்டர் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று படியும். 15இல் இப்படி இரண்டு மீட்டர் கழிந்துவிடும். பிக்சல் கணக்கில் 1920 வீதம் மூன்று, படியும் இடங்களுக்கு 384 வீதம் இரண்டு முறை கழித்தால் 4992. காணொலி தயாரிப்பவரிடம் முதல் நாளே சொல்ல வேண்டிய எண் இது. தாமதமாகச் சொன்னால் அவருடைய பல நாள் உழைப்பு வீணாகும்.

ஓரத்தோடு ஓரம் ஒட்டினாற்போல் படங்களை வைத்தால் போதாதா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். போதாது. அந்தத் துணியில் ஒரு பிக்சல் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர். புரொஜெக்டர் தொங்கும் கம்பி மயிரிழை அசைந்தாலும் நடுவில் ஒரு கோடு விழுந்துவிடும். அதனால்தான் படங்களைப் படியவிட்டு, அந்தப் பட்டைக்குள் ஒன்று மெல்ல மங்க, மற்றது மெல்லத் தெளியும்படி செய்கிறோம். இதற்குப் பெயர் பிளெண்டிங். பட்டையின் நடுவில் இரண்டும் பாதிப் பாதி கொடுத்தால் முழு வெளிச்சம் கிடைக்கும் என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் சிக்னலுக்கேற்ப வெளிச்சம் எப்படி ஏறும் என்பதைச் சொல்லும் காமா எண் 2.2 ஆக இருக்கும்போது சிக்னலைப் பாதியாக்கினால் வெளிச்சம் 22 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. இரண்டையும் கூட்டினாலும் 44தான். பட்டைக்குள் எங்கே எவ்வளவு மங்க வேண்டும் என்று வரையும் வளைவை அதற்கேற்ப உயர்த்தி, திரை முழுவதும் வெளிர்சாம்பல் நிறத்தைப் போட்டு, கடைசி வரிசைவரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்துத் திருத்த வேண்டும். அந்த நடை எனக்கு மிகவும் பிடிக்கும். பட்டை எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாமல் போகும்வரை நடப்பேன்.

அதற்கு முன்னால் கோடுகளைப் பொருத்தும் வேலை இருக்கிறது. இடப்பக்கத்துப் புரொஜெக்டரில் சிவப்புக் கட்டங்கள், நடுவிலிருப்பதில் பச்சைக் கட்டங்கள். உதவிக்கு வந்த தம்பி துணிக்கு ஒரு சாண் தள்ளி நின்று, துணியைத் தொடாமல் விரலால் காட்டிக்கொண்டிருந்தான். "கொஞ்சம் மேலே அண்ணா. இன்னும். போதும், போதும், திரும்ப ஒரு புள்ளி கீழே." சிவப்பும் பச்சையும் சரியாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் கோடு மஞ்சளாகிவிடும். மேல்மூலையில் மஞ்சளாகும்போது கீழ்மூலையில் மறுபடி பிரியும். ஒரு பட்டைக்கு இரண்டு மணி நேரம் ஆனது. புரொஜெக்டரைப் போட்டு அரை மணி நேரமாவது கழித்துத்தான் இதைத் தொடங்க வேண்டும். லென்ஸ் சூடேறும்போது படம் தானாகவே சற்று நகரும்.

இரண்டாம் நாள் மின்சாரம் போய் வந்தபோது இடப்பக்கப் படம் வலப்பக்கம் போய்விட்டது. தன் எந்த வெளியீட்டு இணைப்பில் எந்தப் புரொஜெக்டர் என்பதைக் கணினி மறுபடி எண்ணும்போது வரிசையை மாற்றிக்கொண்டது. அந்த அடையாளத்தை எப்போதும் பிடித்துவைத்திருக்கும் சிறு கருவியை ஒவ்வொரு கேபிளிலும் செருகியபின் அது திரும்ப நடக்கவில்லை.

இனி அந்தத் தூண்கள். புரொஜெக்டரால் கருப்பைப் போடவே முடியாது. கருப்பு என்று சிக்னல் வரும்போது அது ஒளியைத் தடுக்கத்தான் பார்க்கிறது. கொஞ்சம் கசிந்தே தீரும். இரண்டு படங்கள் படியும் இடத்தில் இரண்டு கசிவுகளும் சேர்கின்றன. பிளெண்டிங் வளைவு இங்கே உதவாது. பூஜ்யத்துக்குக் கீழே எதைக் குறைப்பது? நானோ வேலை விளக்குகள் எரிய எரிய, வெளிச்சமான படங்களை வைத்தே எல்லாவற்றையும் சரிபார்த்திருந்தேன். எல்லா விளக்கையும் அணைத்து, கண் இருளுக்குப் பழகும்வரை காத்திருந்து, கருப்பை மட்டும் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

வழக்கமான தீர்வு ஒன்று உண்டு. படியாத இடங்களின் கருப்பையும் பட்டையின் அளவுக்கு உயர்த்துவது. செய்து காட்டினேன். தூண்கள் மறைந்தன, இரவும் மறைந்தது. திரை முழுக்கச் சாம்பல் பூத்துவிட்டது. "இது விடியற்காலை போல இருக்கிறது" என்றார் இயக்குநர். அவர் சொன்னது சரி.

ஒளியமைப்பைக் கவனித்த அக்காதான் அப்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நடிகர்களுக்குப் பக்கவாட்டிலிருந்து மட்டுமே வெளிச்சம் கொடுத்து, திரையில் சிதறாமல் காத்தவர் அவர். முன்பக்க விளக்குகள் இருந்திருந்தால் எங்கள் படங்கள் வெளிறிப்போயிருக்கும். "இந்தக் காட்சிக்கு 13 மீட்டரும் வேண்டுமா தம்பி?" என்று கேட்டார்.

1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் ஆல்ஃபிரெட் ரடோக்கும் யோசெப் ஸ்வோபோடாவும் லாட்டெர்னா மாகிகா என்ற பெயரில் திரைப்படத்தையும் உயிருள்ள நடிகர்களையும் ஒரே மேடையில் இணைத்தார்கள். இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவர்களை நினைத்துக்கொள்கிறேன். ஆனாலும் திரை இருக்கிறது என்பதற்காக அதை நிரப்பியே ஆக வேண்டும் என்ற பழக்கம் எனக்குள் எப்போதோ புகுந்துவிட்டிருந்தது.

அன்றிரவு பக்கத்துப் புரொஜெக்டர்கள் இரண்டின் ஷட்டரையும் மூடினேன். லென்ஸுக்குள் தகடு வந்து மறைத்ததும் இரு பக்கமும் முழு இருள், தூண்களுக்கு இடமே இல்லை. நடுவிலிருந்ததன் லேசரை 30 சதவீதத்துக்கு இறக்கினேன். கசிவும் அதே அளவுக்கு இறங்கியது. முதல் வரிசையில் உட்கார்ந்து கூர்ந்து தேடினால்தான் படத்தின் ஓரம் தெரியும். பிளெண்டிங் வளைவை அப்படியே விட்டுவைத்ததால், படகு விளக்கிலிருந்து பரவிய ஒளி இருபுறமும் ஒரு மீட்டர் தூரத்துக்குக் கரைந்து கரைந்து ஆற்றுக்குள் போனது. இரண்டு படங்களை ஒட்டுவதற்காக வரைந்த வளைவு அது. இப்படிப் பயன்படும் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் மாலை அந்தக் காட்சியை மறுபடி பார்த்தோம். நடிகை கரையில் வந்து அமர்ந்தார். அவர் தோளில் பக்கவாட்டு வெளிச்சம் மெல்லிய கோடாக விழுந்தது. இயக்குநர் தூண்களைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "அந்த விளக்கு இன்னும் கொஞ்சம் மெதுவாக வரலாமா?" என்றார். நான்கு விநாடியாக இருந்ததை ஆறாக மாற்றினேன்.