சூடான்: பார்க்காமலே சலித்துப்போன போர்

வெளிநாட்டுச் செய்திப் பக்கம் தயாரிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். மதுரைப் பதிப்பு, நைட் ஷிஃப்ட். செய்தி ஏஜென்சிகளின் காப்பி வந்து விழுந்துகொண்டே இருக்கும். எது மூன்று காலம் (பத்தி) அகலம், எது சிங்கிள் காலம், எது இடம் நிரப்பும் நாலு வரி ஃபில்லர் என்று முடிவு செய்து, மொழிபெயர்த்து, தலைப்புப் போட்டு நேரத்துக்குள் பக்கத்தைத் தள்ளிவிட வேண்டும். கடைசி நிமிடத்தில் விளம்பரம் ஏதாவது வந்துவிட்டால் முதல் வெட்டு வெளிநாட்டுப் பக்கத்துக்குத்தான். திருமங்கலம் பக்கம் கண்மாய் உடைந்த செய்தியை வெட்டினால் விடிந்ததும் ஃபோன் வரும். ஏமனை வெட்டினால் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். பழக்கம் மட்டும் போகவில்லை. காலையில் நாலு பேப்பரையும் விரித்து, எந்தப் போருக்கு எத்தனை சென்டிமீட்டர் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் இதற்கு ஏச்சு உண்டு.

"போர்ச் செய்தி படித்துப் படித்து மரத்துப்போச்சு" என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். உக்ரைனையும் காஸாவையும் பற்றி அப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்வேன். காஸா குழந்தைகளின் வீடியோ வந்தால் என் மருமகள் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறாள். அவளிடம் ஈரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நிறையப் பார்த்துவிட்டாள், அவ்வளவுதான். ஆனால் சூடானையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் சூடான் பேச்சை எடுத்தேன். "சித்தப்பா, அது இன்னுமா நடக்குது?" என்றான் அண்ணன் மகன். படித்த பையன், தினமும் செய்தி பார்க்கிறவன்தான். இந்தப் போர் அவனுக்குச் சலித்துப்போகவில்லை. சலித்துப்போகும் அளவுக்கு அவன் கண்ணில் அது படவே இல்லை.

டெஸ்க்கில் ஒரு வாய்ப்பாடு உண்டு. தூரத்தில் எங்காவது குண்டு விழுந்ததாக காப்பி வந்தால் நியூஸ் எடிட்டர் கேட்கும் முதல் கேள்வி: "நம்ம ஆளுங்க யாராச்சும் மாட்டியிருக்காங்களா?" இருந்தால் முதல் பக்கம். இல்லையென்றால் உள்ளே. 2015-இல் ஏமனிலிருந்து 'ஆபரேஷன் ராஹத்' என்ற பெயரில் 4,600-க்கும் மேற்பட்ட இந்தியர்களை மீட்டபோது ஏமன் முதல் பக்கத்தில் இருந்தது. கடைசிக் கப்பல் கிளம்பியதும் ஏமனும் பக்கத்தை விட்டுக் கிளம்பிவிட்டது. போர் அதற்கப்புறம் வருடக்கணக்கில் நடந்தது. 2022-இல் உக்ரைனுக்கும் இதே கதைதான் ஆகியிருக்கும். அங்கே மருத்துவம் படித்த பிள்ளைகள் நம்மூரில் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்த பிறகும் செய்தி தாக்குப்பிடித்ததற்குக் காரணம் சூரியகாந்தி எண்ணெய். விலை ஏறிய வரைக்கும் உக்ரைன் நம் அடுக்களைச் செய்தியாகவும் இருந்தது.

சூடானில் 2023 ஏப்ரல் 15-ஆம் தேதி, ரம்ஜான் நோன்பின் கடைசிப் பத்து நாட்களில், சண்டை மூண்டது. ஒரு பக்கம் ராணுவத் தளபதி புர்ஹான். இன்னொரு பக்கம் ஆர்.எஸ்.எஃப். என்ற துணை ராணுவப் படையின் தலைவர் ஹெமெத்தி. 2021-இல் இரண்டு பேரும் சேர்ந்தே ஆட்சியைப் பிடித்தவர்கள். நம் அரசு 'ஆபரேஷன் காவேரி'யைத் தொடங்கியது. காவேரி என்றாலே நமக்குத் தண்ணீர் வராத ஞாபகம்தான் வரும், ஆனால் இந்தக் காவேரி ஒழுங்காக வந்து சேர்ந்தது. மே 5-க்குள் 3,862 பேரைக் கொண்டுவந்துவிட்டார்கள். வாதி செய்யித்னா என்ற இடத்தில் விளக்கே இல்லாத ஓடுதளத்தில் இரவில் விமானப்படையின் சி-130ஜே இறங்கி 121 பேரை ஏற்றிக்கொண்டு வந்தது நிஜமாகவே பெரிய காரியம். முதல் பக்கத்துக்குத் தகுதியான செய்திதான்.

அந்த வாரங்களில்தான் சூடானின் மேற்கே டார்ஃபூர் பகுதியில் இருக்கும் எல் ஃபாஷர் என்ற ஊரின் பெயர் நம் பத்திரிகைகளில் அடிபட்டது. மூலிகை மருந்து விற்கப் போன கர்நாடகத்து ஹக்கிபிக்கி பழங்குடிகள் முப்பது பேருக்கு மேல் அங்கே மாட்டிக்கொண்டிருந்தார்கள். கர்நாடகத்தில் தேர்தல் நேரம் என்பதால் சித்தராமையாவும் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரும் ட்விட்டரிலேயே மோதிக்கொண்டார்கள். செய்திக்கு வேண்டிய எல்லாம் இருந்தது. அவர்கள் வந்து சேர்ந்தார்கள், ஃபாஷர் காணாமல் போனது.

நம் கடைசி விமானம் கிளம்பி ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. ஜூன் மாதம் மேற்கு டார்ஃபூரின் எல் ஜெனைனா நகரத்தில் ஆர்.எஸ்.எஃப். ஆட்களும் கூட்டாளிகளும் மசாலித் இன மக்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். மாநில ஆளுநர் காமிஸ் அபக்கர் தொலைக்காட்சியில் "இங்கே இனப்படுகொலை நடக்கிறது" என்று சொன்ன கையோடு பிடித்துக்கொண்டுபோய்க் கொல்லப்பட்டார். அந்த ஒரு நகரத்தில் மட்டும் பத்தாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் பேர் செத்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு பின்னால் கணக்குச் சொன்னது. நான் பார்த்த பேப்பர்களில் சிங்கிள் காலம்கூடக் கிடைக்கவில்லை.

ஆப்பிரிக்கா என்றாலே உலகம் அப்படித்தான் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் இதே டார்ஃபூர் 2004-இல் உலகத் தலைப்புச் செய்தியாக இருந்தது. 2006-இல் ஹாலிவுட் நடிகர் ஜார்ஜ் குளூனி டார்ஃபூர் அகதிகளை நேரில் பார்க்கப் போனார், ஐ.நா. பாதுகாப்பு சபையில் பேசினார். அமெரிக்கக் கல்லூரிகளில் ஊர்வலம் போனார்கள். ருவாண்டா படுகொலைக்குப் பத்தாம் ஆண்டு நினைவு வந்த வருடம் 2004. இன்னொரு முறை விட்டுவிடக் கூடாது என்ற உறுத்தல் இருந்தது. அன்று குதிரையிலும் ஒட்டகத்திலும் வந்து கிராமங்களைக் கொளுத்திய ஜன்ஜவீத் படைதான் 2013-இல் ஆர்.எஸ்.எஃப். என்று அரசாங்கப் பெயர் சூட்டிக்கொண்டது. அதே ஊர், அதே ஆட்கள், இப்போது கையில் ட்ரோன் வேறு. வீடு வாசல் இழந்தவர்கள் 1.2 கோடிக்கும் மேல். உலகத்தில் இன்றைக்கு இதைவிடப் பெரிய இடப்பெயர்வு கிடையாது. கவனம் மட்டும் சுருங்கிவிட்டது.

இதில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு. "இரு தளபதிகளின் அதிகாரப் போட்டி" என்று முதல் வாரத்தில் ஏஜென்சிக்காரர்கள் ஒரு வரி எழுதினார்கள். அந்த வரி எல்லாக் காப்பியிலும் கடைசிப் பத்தியாக ஒட்டிக்கொண்டது. தப்பான வரி இல்லை. ஆனால் படிக்கிறவனுக்கு அது என்ன சொல்கிறது? இரண்டு போக்கிரிகள் அடித்துக்கொள்கிறார்கள், நீ ஒதுங்கிப் போ என்கிறது. 2004-இல் கொல்கிறவன் யார், சாகிறவன் யார் என்று தெரிந்தது. இப்போது ராணுவமும் சந்தைகளில் குண்டு போடுகிறது. ஆர்.எஸ்.எஃப்.புக்கு ஆயுதம் கொடுப்பதாக ஐக்கிய அரபு அமீரகம் மீது குற்றச்சாட்டு, அது மறுக்கிறது. ராணுவத்துக்குப் பின்னால் வேறு சில நாடுகள். பக்கம் பிடிக்க இடமில்லாத போரை வாசகன் சீக்கிரம் மடித்து வைத்துவிடுகிறான். அடித்துக்கொள்ளும் இரண்டு பேரையும் ஆளுக்கு ஒரு படம் போட்டுக் காட்டினோம். சாகிறவனுக்குப் படம் இல்லை.

படம் இல்லாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அங்கிருந்து சொல்ல ஆளே இல்லை. நான் சின்ன வயதிலிருந்து சிற்றலை வானொலிக்காரன். பி.பி.சி.யின் தமிழோசை 2017 ஏப்ரலோடு வானொலியில் நின்றபோது வீட்டில் துக்கம் கொண்டாடியவன். அதனால் இதைக் கவனித்தேன்: 1938-இல் தொடங்கிய பி.பி.சி. அரபு வானொலியைச் சிக்கனம் என்று சொல்லி 2023 ஜனவரி கடைசியில் மூடினார்கள். மூன்று மாதம்கூட முடியவில்லை, சூடான் பற்றி எரிந்தது. இணையம் அறுந்துபோய், எந்தத் தெரு வழியாகத் தப்பலாம் என்றுகூடத் தெரியாமல் ஜனம் நின்றது. மே மாதம் அவசர அவசரமாகச் சூடானுக்கென்று தினம் இரண்டு அரை மணி நேர நிகழ்ச்சிகளைச் சிற்றலையில் திறந்தார்கள். லண்டனில் கணக்குப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ! டார்ஃபூர்க்காரர்களுக்கு ஓரளவு கைகொடுத்தது 2008-இலிருந்து நெதர்லாந்தில் இருந்துகொண்டு ஒலிபரப்பும் ரேடியோ தபங்காதான்.

ஃபாஷருக்கு வருகிறேன். 2024 வசந்தத்திலிருந்து ஆர்.எஸ்.எஃப். அந்த ஊரை வளைத்து வைத்திருந்தது. 500 நாளுக்கு மேல். பக்கத்தில் வீடிழந்தவர்கள் தங்கியிருந்த ஸம்ஸம் முகாமில் பஞ்சம் என்று 2024 ஆகஸ்ட்டிலேயே அறிவித்தார்கள். அடுத்த ஏப்ரலில் அந்த முகாமும் விழுந்தது. ஊரைச் சுற்றி யாரும் தப்பிப் போகாதபடி மண்ணைக் குவித்துக் கரை எழுப்பினார்கள். அது செயற்கைக்கோள் படங்களில் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது. உள்ளே இரண்டரை லட்சம் பேர், பாதிப் பேர் குழந்தைகள். அவர்கள் சாப்பிட்டது 'அம்பாஸ்'. கடலையை ஆட்டி எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை. நம் ஊரில் மாட்டுக்கு ஊறவைத்துக் கொடுப்போமே, அதே கடலைப் புண்ணாக்கு. கடைசியில் அதுவும் தீர்ந்துபோனது. இரண்டரை லட்சம் என்று தலைப்புப் போட்டால் கண் தாண்டிப் போய்விடும். "கடலைப் புண்ணாக்கைத் தின்கிறார்கள்" என்று போட்டிருந்தால் எங்கள் வட்டாரத்தில் ஒரு ஆள்கூட அதைப் படிக்காமல் விட்டிருக்கமாட்டார். அந்தக் காப்பி ஏஜென்சியில் வந்தது. எடுத்துப் போட ஆள் இல்லை.

2025 அக்டோபர் 26-ஆம் தேதி ஃபாஷர் விழுந்தது. நமக்கு மோந்தா புயல் வாரம். கரூர் நெரிசலின் விசாரணை வேறு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இடமில்லை என்று சொன்னால் நம்புவேன், நானும் அந்த நாற்காலியில் இருந்தவன். ஆனால் அந்தப் போர் உலகத்தின் கண்ணில் கொஞ்ச நாள் பட்டது அப்போதுதான். பட்ட விதம்தான் கொடுமை. கொன்றவர்களே ஃபோனில் படம் எடுத்துப் போட்டார்கள், சிரித்துக்கொண்டே. யேல் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு, செயற்கைக்கோள் படங்களில் வீடுகளின் பக்கத்து மண் சிவப்பாக மாறியிருப்பதைக் காட்டியது. சவூதி மகப்பேறு மருத்துவமனையில் மட்டும் நோயாளிகளும் கூட இருந்தவர்களுமாக 460 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. என் வாட்ஸ்அப் குழுக்களில்கூட இரண்டு வாரம் சூடான் ஓடியது. நடுவில் போலிப் படங்களும் வந்தன. அப்புறம் நின்றுவிட்டது.

கவனித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. 2009 மார்ச் 4-ஆம் தேதி சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் சூடான் அதிபர் அல்-பஷீருக்குப் பிடியாணை போட்டது. அன்றைக்கு ஏஜென்சி காப்பியில் டார்ஃபூர் மேலே வந்துகொண்டிருந்தது, எங்கள் டெஸ்க்கில் இலங்கைப் போரின் வன்னி மேலே இருந்தது. புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன் என்று தினம் ஒரு பெயர். வன்னிக்குள் வெளிப் பத்திரிகையாளர் ஒருவரையும் சுதந்திரமாகப் போக விடவில்லை. ஐ.நா.வின் வெளிநாட்டுப் பணியாளர்கள் 2008 செப்டம்பரிலேயே கிளிநொச்சியை விட்டுப் போயிருந்தார்கள். உலகம் நம்மைப் பார்க்கவில்லை, டார்ஃபூரைப் பார்க்கிறது என்று அன்று எனக்குப் பொறாமைகூட இருந்தது. ஆனால் பார்த்ததால் அல்-பஷீர் பிடிபடவில்லை. பத்து வருடம் நாடு நாடாகச் சுற்றினார். கடைசியில் 2019-இல் அவரை இறக்கியது சொந்த மக்கள் நடத்திய போராட்டம்தான்.

ஆனாலும் அந்தக் கவனம் முழுக்க வீண் இல்லை. அதன் பேரில்தான் டார்ஃபூருக்கு அமைதிப்படை போனது, முகாம்களுக்குத் தானிய லாரிகள் போயின, பணம் வந்தது. இப்போது சூடானில் ஊருக்கு ஊர் இளைஞர்களே சேர்ந்து 'தகாயா' என்ற கஞ்சித்தொட்டிகளை நடத்துகிறார்கள். அமெரிக்க உதவிப் பணத்தில் ஓடியவை பல. 2025 தொடக்கத்தில் டிரம்ப் அரசு அந்தப் பணத்தை நிறுத்தியதும் நூற்றுக்கணக்கான அடுப்புகள் ஒரே மூச்சில் அணைந்தன. பெரிய எதிர்ப்பு எதுவும் எழவில்லை. எழுவதற்கு அந்த அடுப்புகள் இருந்ததே யாருக்கும் தெரியாது.

ஃபாஷர் விழுந்த அதே வாரத்தில், வடக்குக் கொர்தொஃபான் மாநிலத்தின் பாரா நகரத்தையும் ஆர்.எஸ்.எஃப். பிடித்தது. அதற்குத் தெற்கே இருப்பது எல் ஒபெய்த். சோடா, கலர் பாட்டில்களில் சேர்க்கும் அரபுப் பிசினின் பெரிய சந்தை அந்த ஊர். ராணுவத்தின் கையில் இருக்கிறது, ட்ரோன்கள் வந்து அடிக்கின்றன, ஓடி வந்த அகதிகளால் நிரம்பிக் கிடக்கிறது. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் தபங்கா தளத்திலிருந்து எல் ஒபெய்த் செய்தியை எடுத்து இங்கே நாலு வரி தமிழில் போடப்போகிறேன். ஃபில்லர் அளவுதான். டெஸ்க்கில் இருக்கும் தம்பிகள் யாராவது பார்த்தால், கேட்காமலே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.