சுவிட்சை அணைக்காதீர்கள், அப்பா

காரைக்குடி வீட்டுக் கணினியைச் சென்னையிலிருந்தே இயக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. மென்பொருள் வேலை ஐந்து நிமிடம்தான். மீதியெல்லாம் என் அவசரமும் அப்பாவின் சிக்கனமும்.

விண்டோஸிலேயே இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப் போதும் என்று நினைத்தேன். வீட்டில் இருப்பதோ ஹோம் பதிப்பு. அதிலிருந்து வேறு கணினிக்குள் போகலாம், அதற்குள் வர முடியாது. அதற்குப் புரோ பதிப்பு வேண்டும். சரி, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் மென்பொருள்தான் என்று முடிவு செய்து, தொலைபேசியில் அப்பாவிடம் படிப்படியாகச் சொல்லி இறக்கவைத்தேன். இணைவதற்காக அதன் திரையில் தெரியும் எண்ணைக் கேட்டதும் மறுத்துவிட்டார்.

"யார் கேட்டாலும் எந்த எண்ணையும் சொல்லாதீர்கள் என்று நீதானே சொன்னாய்?"

அம்மா வந்து, பேசுவது நான்தான் என்று சாட்சி சொன்ன பிறகே எண் கிடைத்தது.

பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் போட முயன்றேன். என் பக்கம் படம் அப்படியே நின்றுவிட்டது. அங்கே விண்டோஸ் அனுமதி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எனிடெஸ்க்கை நிறுவாமல், இறக்கிய கோப்பை அப்படியே ஓடவிட்டால் அந்த அனுமதிக் கட்டம் தொலைவில் இருப்பவருக்குத் தெரியாது. அப்பா 'இல்லை'யை அழுத்தினார். மூன்று முறை.

வேறு வழியில்லாமல் பல்லவன் எக்ஸ்பிரஸ் பிடித்தேன். முறையாக நிறுவி, வலுவான கடவுச்சொல் வைத்துத் திரும்பினேன். திங்கட்கிழமை காலை பார்த்தால் கணினி இணைப்பில் இல்லை! யாரும் தொடாவிட்டால் தூங்கிப்போகும் அமைப்பை மாற்றாமலே ரயிலேறியிருக்கிறேன். அப்பாவை ஒரு விசையைத் தட்டச் சொல்லி, உள்ளே புகுந்து முதல் வேலையாக அதை மாற்றினேன். அன்றிரவே மறுபடி காணோம். படுக்கப் போகுமுன் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டார்.

மின்சாரம் வந்ததும் கணினி தானாக எழுவதற்கான அமைப்பு, விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரலான பயாஸில் இருக்கிறது. அதை இங்கிருந்து தொட முடியாது. பொங்கலுக்குப் போனபோதுதான் மாற்றினேன். நீங்கள் ஊரில் இருக்கும்போதே தூக்க அமைப்பு, பயாஸ் அமைப்பு இரண்டையும் முடித்துவிடுங்கள். கணினியை முறையாக நிறுத்தி, சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டும் பாருங்கள்.

வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி இதே மென்பொருளைப் போடச் சொல்லும் கும்பல்கள் உண்டு. அப்பாவிடம் அதைச் சொல்லி, சைபர் குற்ற உதவி எண் 1930-ஐயும் கணினி மேலேயே ஒட்டிவைத்திருக்கிறேன்.

இப்போது மவுஸ் அம்பு தானாக நகர்ந்தால் அப்பா சட்டை மாட்டிக்கொண்டு வந்து முன்னால் உட்காருகிறாராம். அந்தக் கணினியில் கேமராவே கிடையாது.