90 அடி வேலி

எங்கள் வீடு இலங்கையில், மட்டக்களப்புக்குப் பக்கத்திலுள்ள ஆரையம்பதியில் இருக்கிறது. கிழக்குப் பக்கத்து வளவில் இருப்பவரைச் சின்ன வயதிலிருந்தே மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். இரண்டு வளவுக்கும் நடுவில் 90 அடி வேலி: வேலிக்கென்று நட்டுத் துளிர்க்கவிட்ட பூவரசங் கதியால், முள்ளுக்கம்பி, இடையிடையே தென்னங்கிடுகு. போன மாரியில், வேலியோடு வேலியாகப் பெருத்திருந்த பூவரசு ஒன்று வேரோடு சாய்ந்து பாதி வேலியை இழுத்துக்கொண்டு போனது. அந்தப் பொட்டுக்குள்ளால் மாமா வீட்டு ஆடுகள் வந்து என் கத்தரிக் கன்றுகளை மொட்டையாக்கின.

கோபத்தில் மேசனை, அதாவது கொத்தனாரை, கூப்பிட்டேன். 11 கொங்கிரீட் தூண், ஐந்து வரி முள்ளுக்கம்பி, கூலி எல்லாம் சேர்த்து 55,000 ரூபாய். வேலை முடிந்த பிறகு ரசீதுகளை எடுத்துக்கொண்டு போய் பாதிக் காசு கேட்டேன். மாமா அவற்றை வாங்கிப் பார்க்கவேயில்லை. “நீங்கள் போட்ட வேலிக்கு நான் ஏன் பிள்ளை காசு தரவேண்டும்? தூணும் என் காணிக்குள் நிற்கிறது” என்றார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் இரு வீட்டுக்கும் பேச்சில்லை.

கிராம உத்தியோகத்தர் வந்து பார்த்தார். எல்லையைத் தீர்மானிப்பது தன் வேலையில்லை, அதற்கு நில அளவையாளரைப் பிடியுங்கள், காசுப் பிரச்சினைக்கு, இரு தரப்பையும் இருத்திப் பேசவைக்கும் மத்தியஸ்த சபைக்குப் போங்கள் என்றார். என் தம்பி நேரே வழக்குப் போடச் சொன்னான். ஆனால் இந்த அளவுத் தொகைக்கு, இணக்கம் ஏற்படவில்லை என்று மத்தியஸ்த சபை சான்றிதழ் தந்தால்தான் நீதிமன்றம் வழக்கை ஏற்கும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தில் வந்த ஏற்பாடு இது. சபையில் எங்களுக்காகச் சட்டத்தரணி பேசவும் முடியாது, நாங்களேதான் பேசவேண்டும். எனக்கு அது பயமாக இருந்தது.

முதலில் காணி உறுதிப் பத்திரத்தையும் பழைய வரைபடத்தையும் நில அளவையாளரிடம் கொடுத்துக் காணியை அளப்பித்தேன். முடிவு என் முகத்தில் அறைந்தது. நடுவிலுள்ள மூன்று தூண்கள் அரை அடி மாமா பக்கம் தள்ளி நின்றன. விழுந்த பூவரசின் அடிக்கட்டையைத் தோண்டச் சலித்த மேசன், அதைச் சுற்றித் தூண் நட்டிருக்கிறான். நானும் கயிறு கட்டிப் பார்க்கவில்லை.

மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பம் கொடுத்ததும் இருவருக்கும் கடிதம் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை, பாடசாலை வகுப்பறை ஒன்றில் இருந்தோம். நான் ஒரு மத்தியஸ்தரைத் தெரிந்தெடுத்தேன், மாமா ஒருவரை. அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரை எடுத்தார்கள். ரசீதும் வரைபடமும் ஒரு கோப்பில், உறுதியின் பிரதி இன்னொன்றில் என்று ஆயத்தமாகத்தான் போயிருந்தேன். அவர்கள் கோப்பைத் திறக்கவில்லை. “ஐயா, முதலில் நீங்கள் சொல்லுங்கள்” என்றார் நடுவிலிருந்தவர்.

மாமா நெடுநேரம் பேசினார். 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியில் இரண்டு வளவும் வேலியில்லாமல் வெளியாகிப்போனதாம். தன் அப்பாவும் என் அம்மப்பாவும் ஒன்றாகக் கதியால் வெட்டி அந்த வேலியை நட்டார்கள், அப்போது யாரும் யாரிடமும் கணக்குக் கேட்கவில்லை என்றார். பிறகு என்னைப் பார்த்து, “கொங்கிரீட் போடப்போகிறேன் மாமா, முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? கதியாலும் கம்பியும் என்றால் நானும் வந்து நின்றிருப்பேனே” என்றார். எனக்கு மறுமொழி இல்லை. அவர் கையில் காசில்லாத காலம் அது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ரசீதை நீட்டினேன்.

அன்று முடியவில்லை. இரண்டாவது அமர்வில்தான் எழுத்துக்கு வந்தது. மூன்று தூண்களையும் என் செலவில் எல்லைக்கு நகர்த்துவேன். மாமா 27,500 அல்ல, 15,000 தருவார், மூன்று தவணையில். இனி வேலியில் கை வைப்பதென்றால் முன்கூட்டியே பேசி, செலவைப் பாதிப் பாதியாக ஏற்போம். அளவைக்கூலியைத் தானும் பகிர்வதாக மாமா சொன்னார். அதை நான் வாங்கவில்லை. இருவரும் கையெழுத்திட்டோம், இணக்கச் சான்றிதழில் ஆளுக்கொரு பிரதி கிடைத்தது. சபைக்குக் கட்டணம் எதுவும் கட்டவில்லை.

15,000 குறைவு என்று தம்பி இன்னமும் சொல்கிறான். கேட்காமல் போட்ட வேலிக்கு அதற்கு மேல் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

தூண்களை நகர்த்திய நாளில் மேசனுக்கு முன்பே மாமா வந்துவிட்டார். எல்லைக்கல்லில் கயிற்றின் ஒரு நுனியைக் கட்டி, மறு நுனியை என் கையில் தந்து, “இழுத்துப் பிடியுங்கள் பிள்ளை” என்றார்.