சவுண்டு விடுறது

“சும்மா சவுண்டு விடாதய்யா, சில்லறை தர்றேன்!”

இன்று காலை டவுன் பஸ்ஸில் கண்டக்டர் சொன்னது. எவ்வளவு சரியான சொல்!

சவுண்டு விட, கெட்ட வார்த்தை தேவையில்லை. பஸ்ஸே திரும்பிப் பார்த்தால் போதும். எகிறுறது அதற்கு அடுத்த படி. உடம்பும் முன்னால் வந்துவிடும்.

வள்ளுன்னு விழுறது வேறு. நாயின் குரைப்பிலிருந்து வந்த சொல். கேள்வியை முடிக்கும் முன்பே ஒரே கடி, அதோடு சரி.

கரிச்சுக் கொட்டுறது அப்படி முடியாது. குரல் தாழ்ந்தும் இருக்கலாம். சோறு போடும்போதும் ஓடும், பாத்திரம் கழுவும்போதும் ஓடும்.

லபோதிபோன்னு கத்துறவர் யாரையும் திட்டவில்லை. எதையோ பறிகொடுத்த பதற்றம் அது. அவரை அதட்டாதீர்கள்.

திட்டுவதை மதுரைப் பக்கம் வையிறது என்பார்கள். நெல்லையிலும் யாழ்ப்பாணத்திலும் ஏசுறது என்பார்கள்.

மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசுறவருக்கோ குரலை உயர்த்தவே வேண்டாம்.