பெட்டைக் குட்டிக்கு முதலில் வீடு

எங்கள் பெட்டை நாய் ரோசியை இணை சேர்க்கப் போகிறோம் என்று தெரிந்ததும் 11 பேர் குட்டி கேட்டார்கள். மகளின் பழைய கொப்பி ஒன்றில் பெயர்களை எழுதிக்கொண்டே வந்தேன். எழுதி முடித்துப் பார்த்தால், 11 பேரும் கேட்டது கடுவன், ஆண் குட்டி.

அன்றைக்கே இவரிடம் சொல்லிவிட்டேன், இந்தப் பருவத்தில் சேர்ப்பதில்லை என்று. ரோசி அல்சேசன். ஓர் ஈற்றில் ஏழெட்டுக் குட்டி போடக்கூடிய இனம். அதில் பாதியளவு பெட்டையாக இருக்கும். அந்தப் பாதிக்கு யார் பொறுப்பு?

முல்லைத்தீவு மாவட்டத்தில் முத்தையன்கட்டுப் பக்கம் இருக்கிற எங்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. கண் திறக்காத பெட்டைக் குட்டிகளை உரப்பையில் போட்டுச் சந்தைக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போவார்கள். கோயில் வாசலில் விட்டால் பாவமில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. வைரவரின் வாகனம், அவர் பார்த்துக்கொள்வார் என்பார்கள். யுத்தம் முடிந்து 2010 இல் நாங்கள் முகாமிலிருந்து மீளக்குடியமர வந்தபோது கூரையில்லாத வீடுகளுக்குள் நாய்கள் குட்டி போட்டிருந்தன. எங்கள் கிணற்றடியிலும் ஒன்று கிடந்தது. முலை வற்றி, விலா எலும்பெல்லாம் தெரிய, ஆறு குட்டியையும் அணைத்தபடி படுத்திருந்தது. எங்களிடமும் நிவாரண அரிசிதான். கஞ்சி காய்ச்சி ஊற்றினோம். இரண்டு குட்டிதான் தப்பின. நாய் விடயத்தில் எனக்கிருக்கும் பிடிவாதமெல்லாம் அந்தக் கிணற்றடியில் தொடங்கியது.

மாசியில் வந்த பருவத்தை அப்படியே விட்டோம். மூன்று கிழமை ரோசி வீட்டுக்குள், ஊர்க் கடுவன்கள் படலைக்கு வெளியே. அந்த ஆறு மாதத்தில் நான் செய்த வேலை ஆட்களோடு கதைத்ததுதான். ஏன் பெட்டை வேண்டாம் என்று கேட்டால் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: “வருசத்தில ரெண்டு தரம் கடுவனெல்லாம் வந்து நிக்கும் அக்கா, பிறகு அந்தக் குட்டியளை ஆர் பாக்கிறது?” நியாயமான பயம். சரி, பெட்டை எடுப்பவர்களுக்குக் கருத்தடைச் செலவு என்னுடையது என்றேன். கடுவன் எடுப்பவர்கள் தருகிற காசிலிருந்து அதைச் செய்வதாகத் திட்டம். மெல்ல மெல்ல நாலு வீடு கிடைத்தது. நெடுங்கேணிப் பக்கம் தனியாகக் கச்சான் பயிர் செய்கிற ஓர் அம்மா, நான் கேட்க முன்பே பெட்டைதான் வேண்டும் என்றார். “பெட்டை வீட்டை விட்டு அலையாது பிள்ளை” என்றார். கொப்பியின் மறுபக்கத்தில் அவர் பெயரைத்தான் முதலில் எழுதினேன்.

இதற்கிடையில் ரோசிக்கு இரண்டு வயது நிறைந்தது. அல்சேசனுக்கு இடுப்பு மூட்டில் ஒரு பரம்பரைக் குறை வருவதுண்டு. தொடை எலும்பின் பந்து கிண்ணத்துக்குள் ஒழுங்காகப் பொருந்தாமல் தளர்ந்திருக்கும். இளம் வயதில் வெளியே தெரியாது. பிறகு எழும்பவே கஷ்டப்படும், குட்டிகளுக்கும் கடத்தும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். எங்களுக்கு ஏ9 என்றால் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் போகிற வீதி, அவ்வளவுதான். அது தொடங்குகிற கண்டி வரைக்கும் நான் போனது அன்றுதான், அதுவும் மடியில் நாயின் தலையோடு. மூட்டு நன்றாக இருந்தது.

கடுவன் தேடுவதுதான் பெரிய பாடு. முதலில் பார்த்தது கறுத்த, வடிவான நாய். எல்லோரும் புகழ்ந்தார்கள். ஆனால் படுத்திருந்து எழும்பும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் போல உந்தியது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்; உரிமையாளருக்குக் கோபம். இரண்டாவதாகப் பார்த்தது வவுனியாவில். ஆட்களைக் கண்டு பதுங்கவும் இல்லை, பாயவும் இல்லை. தடுப்பூசி அட்டை சரியாக இருந்தது, எக்ஸ்ரேயும் இருந்தது. இரத்தமும் சோதிக்க வேண்டும் என்று கேட்டேன். புரூசெல்லா என்று ஒரு கிருமி, இணை சேரும்போது தொற்றி, சினை முதிர்கிற நேரத்தில் குட்டிகளைக் கலைத்துவிடும். மனிதருக்கும் தொற்றும். இன்னொன்று, நாய்க்கு நாய் இணைசேர்க்கையில் பரவுகிற கட்டி. தெருவில் அலைகிற நாய்களின் பின்பக்கத்தில் இரத்தம் சொட்டுகிற பூக்கோவா மாதிரித் தெரிவது அதுதான். இரண்டு நாயையும் வைத்தியர் பார்த்து, இரண்டின் இரத்தத்தையும் எடுத்து அனுப்பினார். “இப்பிடி ஒருத்தரும் கேட்டதில்லை தங்கச்சி” என்றார் கடுவன்காரர். ஆனால் மறுக்கவில்லை. நல்ல மனிதர்.

ஆவணிக் கடைசியில் ரோசிக்கு இரத்தம் கசியத் தொடங்கியது. அந்த நாளை 1 என்று கணக்கு வைத்தோம். சிவப்பு வெளிறி வைக்கோல் நிறத்துக்கு வந்து, தொட்டால் வாலை ஒரு பக்கம் விலக்கினால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். 11 ஆம் நாளும் 13 ஆம் நாளும் கடுவனிடம் கொண்டுபோனோம். சேர்ந்த பிறகு அவை கால் மணி, அரை மணி நேரம் கொளுவியபடி நிற்கும். அதைப் பிரிக்கக் கல்லெறிவதையும் சுடுதண்ணி ஊற்றுவதையும் நம் ஊரில் பிள்ளைகளுக்கு யார் பழக்கினார்களோ தெரியாது. இழுத்துப் பிரித்தால் இரண்டுக்கும் உள்ளே கிழிந்துபோகும். தயவுசெய்து அப்படிச் செய்ய விடாதீர்கள்.

சினைக்காலம் 63 நாள் அளவு. 40 ஆம் நாளிலிருந்து வைத்தியர் பூச்சிமருந்து ஒன்றைத் தினமும் கொடுக்கச் சொன்னார். வட்டப்புழு தாயின் உடம்பில் உறங்கிக் கிடந்து, வயிற்றிலிருக்கும் குட்டிக்கே போய்விடுமாம். ஆறாம் கிழமையிலிருந்து சாப்பாட்டைக் கூட்டினோம். சோறு, அவித்து முள் எடுத்த சூடை மீன், முட்டை, பூசணி. இங்கேதான் நான் ஒரு பிழை விட்டேன். குட்டிகளுக்கு எலும்பு வளர வேண்டுமே என்று, யாரிடமும் கேட்காமல் தினமும் ஒரு கல்சியம் குளிசையைச் சோற்றில் நசித்துப் போட்டேன். அதன் விலை பிறகு தெரிந்தது.

இவர் பலகையில் பெட்டி அடித்தார். உள்பக்கம் சுற்றிவர, நிலத்திலிருந்து நாலு அங்குல உயரத்தில் ஒரு சட்டம். தாய் சாய்ந்து படுக்கும்போது குட்டி சுவரோடு நசியாமல் அந்த இடைவெளிக்குள் ஒதுங்கிக்கொள்ளும். கடைசிக் கிழமை காலையும் மாலையும் உடல் வெப்பம் பார்த்தேன். 101 பாகையில் நின்றது ஒரு நாள் 98.4 ஆக இறங்கியது. இப்படி 99 க்குக் கீழே இறங்கினால் ஒரு நாளுக்குள் குட்டி போடும்.

கார்த்திகை மழை. பின்னேரம் கரண்ட் போய்விட்டது. இரவு 9 மணிக்கு முதல் குட்டி, பிறகு அரை மணிக்கும் ஒரு மணிக்கும் ஒன்றாக. ரோசியே பையைக் கிழித்தாள், கொடியைக் கடித்தாள், நக்கினாள். நான் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு இளங்கொடியை எண்ணினேன். குட்டி ஏழு என்றால் இளங்கொடியும் ஏழு வர வேண்டும். ஒன்று உள்ளே தங்கினால் தாய்க்கு ஆபத்து. அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டாலோ, முதல் குட்டிக்கு முன்பே பச்சையாக நீர் கசிந்தாலோ உடனே கூப்பிடுங்கள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. விடிய 3 மணிக்கு ஏழாவது. மூன்று கடுவன், நாலு பெட்டை.

அந்த ஏழாவது சிறிசு. சமையல் தராசில் 280 கிராம். மற்றவை எல்லாம் 400 க்கு மேல். மழைக்குளிரில் அது தாயை விட்டு உருண்டு மூலையில் கிடந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. தூக்கினால் ஈரத் துணி மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. வாயைத் திறந்து விரல் வைத்தேன், உள்ளேயும் குளிர். அம்மா உடனே பாலைத் தீத்தச் சொன்னா. கூடாது. குளிர்ந்த குட்டியின் வயிறு பாலைச் செமிக்காது, முதலில் சூடு வர வேண்டும். சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்து, மேலே துவாயைச் சுற்றிக்கொண்டு இருந்தேன். மகள் சோடாப் போத்தல்களில் சுடுதண்ணி நிரப்பித் துணி சுற்றி மற்ற ஆறுக்கும் பக்கத்தில் வைத்தாள். முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு நகம் ஒன்று என் தோலில் பிறாண்டியது. அப்புறம் மூக்கால் தேடத் தொடங்கியது. பால் கூடுதலாக இருப்பது பின் முலைகளில். அங்கே வைத்தேன். நாக்கைக் குழல் போல மடித்து இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

பிறந்த முதல் 12 மணி நேரத்துச் சீம்பாலில்தான் தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குப் போகிறது. அதனால் அன்று இரவு முழுக்க ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி வைத்தேன். அதன்பின் காலையும் மாலையும் நிறுத்தோம். முதல் நாள் கொஞ்சம் குறையலாம், பிறகு ஒவ்வொரு நாளும் ஏற வேண்டும், பத்து நாளளவில் இரட்டிக்க வேண்டும். சின்னிக்கு, மகள் வைத்த பெயர் அது, 13 நாள் எடுத்தது. அதே நாளில்தான் கண்ணும் திறந்தது.

19 ஆம் நாள். ரோசி காலையிலிருந்தே ஓரிடத்தில் இருக்கவில்லை. குட்டிகளை விட்டு எழும்பி நடந்தாள், மூச்சு வாங்கினாள். மத்தியானம் கால்கள் மரக்கட்டை மாதிரி விறைத்து, உடம்பு நடுங்கியது. வெப்பம் 105. ஓட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். வைத்தியர் ஒரு கையால் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டபடி, மற்றக் கையால் நரம்பில் மெல்ல மெல்லக் கல்சியம் ஏற்றினார். என் கண்ணுக்கு முன்னாலேயே நடுக்கம் அடங்கியது. “சினையில கல்சியம் குடுத்தனீங்களோ அக்கா?” என்றார். ஓம் என்றேன். வெளியிலிருந்து கல்சியம் வந்துகொண்டிருந்தால், எலும்பிலிருந்து அதை எடுக்கிற வேலையை உடம்பு மறந்துவிடுகிறது. பிறகு ஏழு குட்டி பால் குடிக்கிற நேரம் தேவை கூடும்போது இரத்தத்தில் கல்சியம் சட்டென்று விழுந்துவிடும். இன்னும் இரண்டு மணி நேரம் பிந்தியிருந்தால் நாய் போயிருக்கும். கேட்காமல் கொடுத்த குளிசை. உங்கள் வீட்டில் சினை நாய் இருந்தால் இந்த ஒன்றையாவது நினைவில் வைத்திருங்கள்.

ஒரு நாள் முழுக்கக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து வைத்தோம். பசுப்பாலை அப்படியே கொடுக்கக்கூடாது. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் அதைவிட இரண்டு மடங்கு. வைத்தியர் குட்டிகளுக்கான பால்மா தந்தார். பிள்ளையை மடியில் மலர்த்திப் போத்தல் கொடுப்பது போல நாய்க்குட்டிக்குக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குள் போகும். வயிறு கீழே இருக்க, தலையை இலேசாக உயர்த்திப் பிடித்துத்தான் கொடுக்க வேண்டும். மூன்றாம் கிழமையிலிருந்து கரைத்த சோறும் மீனும் பழக்கினோம். முதல் நாள் தட்டுக்குள் நடந்து, காலெல்லாம் சோறு.

பூச்சிமருந்து 2, 4, 6, 8 ஆம் கிழமைகளில். நிறை பார்த்து அளந்துதான். கொக்கிப்புழு பாலோடு வரும். ஈறு வெளிறியிருக்கிறதா என்று தினமும் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். உண்ணியை விரலாலேயே எடுத்தோம். மாட்டுக்கு அடிக்கிற மருந்தை அயலவர் ஒருவர் அன்போடு கொண்டுவந்தார், நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினேன். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் படலையில் செருப்பைக் கழற்றி, குளோரின் கலந்த தண்ணியில் காலை நனைத்துவிட்டு வந்தார்கள். குட்டிகளை வயிற்றோட்டத்தில் கொல்லுகிற பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும்.

அதற்காகக் குட்டிகளைப் பெட்டிக்குள்ளேயே பூட்டி வைக்கவும் முடியாது. மூன்றாம் கிழமையிலிருந்து பன்னிரண்டாம் கிழமை வரை காணுகிறதும் கேட்கிறதும்தான் அதன் குணமாகிறது. மகள் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வீதிக்குப் போனாள். நிலத்தில் விடவில்லை. லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரச் சத்தம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், குடை, மழைச்சட்டை, தூரத்து வயலில் போடுகிற யானை வெடி. முதல் வெடிக்கு எல்லாம் உறைந்தன. ஆளுக்கொரு துண்டு மீன். நாலாம் நாள் வெடி கேட்டால் கையைப் பார்த்தன.

7 கிழமையில் முதல் தடுப்பூசி. 8 கிழமை முடிந்த பிறகுதான் ஒருவரையும் கொண்டுபோக விட்டேன். முன்பே கேட்டு நெருக்கியவர்கள் இருந்தார்கள். அந்தக் கடைசிக் கிழமைகளில்தான் குட்டி தன் கூடப்பிறந்தவற்றிடம் கடியின் அளவைப் படிக்கிறது. ஒவ்வொன்றோடும் அட்டை கொடுத்தேன்: மருந்து கொடுத்த நாட்கள், அடுத்த ஊசிகள், மூன்று மாதத்தில் விசர்நாய்த் தடுப்பூசி, பிரதேச சபைப் பதிவு. நாயைப் பதிய வேண்டும் என்ற கட்டளைச் சட்டம் 1901 இலிருந்தே இருக்கிறது, செய்பவர்கள்தான் குறைவு. வைத்திருக்க முடியாமல் போனால் என்னிடமே திரும்பத் தர வேண்டும் என்றும் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். காசு தர வந்த ஒருவர் அதற்குக் கையெழுத்து வைக்க மறுத்தார். அவருக்குக் கொடுக்கவில்லை. கொப்பியில் அடுத்த பெயருக்குப் போனது.

சின்னியைக் கொண்டுபோக நெடுங்கேணி அம்மா பஸ்ஸில் வந்தார். கூடவே ஒரு கடகம், அடியில் பழைய சேலை மடித்துப் போட்டு. நான்கு பெட்டைக்கும் கருத்தடைக்கான காசைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், இதுவரை இரண்டுக்கு முடிந்தது. ரோசிக்குப் பங்குனியில் செய்தோம். தையல் பிரித்த அன்றே வேலியைத் தாண்டப் பார்த்தாள். நேற்று அந்த அம்மா போன் எடுத்தார். “பிள்ளை, கச்சானுக்குள்ள பண்டி வந்தது. உன்ர சின்னி விடேல்லை.”