பிட்டுக்கு மண் சுமந்த ராஜா

ஆவணி மூலத் திருவிழாவில் நம் மதுரைச் சொக்கநாதர் பார்க்காத வேலை இல்லை. ஒரு நாள் வளையல் விற்கிறார், ஒரு நாள் விறகு விற்கிறார். அதே திருவிழாவில்தான் அவருக்குப் பட்டாபிஷேகமும் நடக்கிறது. சித்திரையில் மீனாட்சியம்மன் ஏற்ற செங்கோல் ஆவணியில் சுவாமி கைக்கு வருகிறது. அதிலிருந்து எட்டு மாதம் அவர் ஆட்சி. முடி சூடிய சூட்டோடு என் ராஜா வைகைக் கரைக்கு மண் சுமக்கக் கிளம்பிவிடுகிறார். வைகையில் வெள்ளம் வந்தபோது, கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு ஆள் வரணும் என்று பாண்டியன் உத்தரவிட, ஆளில்லாத பிட்டுக்காரக் கிழவி வந்திக்காக, பிட்டையே கூலியாக வாங்கிக்கொண்டு சிவன் மண் சுமந்த கதை அது.

ஆரப்பாளையம் பக்கம் புட்டுத்தோப்பில் அன்றைக்குக் கால் வைக்க இடமிருக்காது. திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வந்துவிடுகிறார்கள். வெயிலில் நின்றுகொண்டிருந்தபோது தங்க மண்வெட்டியும் தங்கக் கூடையும் கண்ணில் பட்டன. எனக்கு அம்மா நினைவு வந்துவிட்டது. அம்மா சித்தாள் வேலை பார்த்தவர். சும்மாடு வைத்து வைத்து அவர் உச்சந்தலையில் முடி தேய்ந்து போயிருந்தது. எண்ணெய் தேய்த்துவிடும்போது அந்த இடம் மட்டும் என் விரலில் வழவழவென்று படும். கூடையை ஏந்திய சுவாமியைப் பார்த்ததும் கும்பிடக் கை தானாக உயர்ந்தது. யாரைக் கும்பிட்டேன் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி காலையில் புட்டு விற்கிறவராம். மாவைப் பிடித்தால் நிற்கணும், அழுத்தினால் உதிரணும், அதுதான் பதம் என்று கையைக் காட்டிச் சொன்னார். இந்த ஊரில் சொல்லும் கதையில், உதிர்ந்த பிட்டு கூலிக்காரனுக்கு, உதிராதது வந்திக்கு என்பதுதான் பேச்சு. அன்றைக்குப் பார்த்து அவித்ததெல்லாம் உதிர்ந்துபோகிறது. வாழ்நாளெல்லாம் பிட்டு அவித்த கைக்கு அது எவ்வளவு பெரிய அடி! விற்க ஒன்றும் மிஞ்சாது என்று தெரிந்தும் வந்தி அத்தனையையும் எடுத்து அவனுக்குக் கொடுத்தாள். அன்பு என்றால் எனக்கு அந்தக் கிழவியின் கைதான்.

பாட்டியிடம் கேட்டேன், "ஏன் பாட்டி, சாமி ஒழுங்கா வேலையே பாக்கலையே, பாடிக்கிட்டும் தூங்கிக்கிட்டும்ல இருந்துச்சு?"

"வீட்டுக்கு ஒரு ஆள் வரணும்னு ராசா சொல்லிட்டான். அவளுக்கு ஏதுய்யா ஆளு? ஆளா வந்து நின்னுச்சுல்ல, அது போதும்ய்யா" என்றார்.

பாண்டியன் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அடைபடாத கரைதான். வேலை வாங்குகிறவர்களின் கண் அன்றும் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. அம்மாவையும் ஒரு மேஸ்திரி மண்ணைப் பார்த்துத்தான் பேசுவாரே தவிர முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் கோபத்தில் பாண்டியன் அடித்த பிரம்படி கூலியாள் முதுகோடு நிற்கவில்லை. அடித்த பாண்டியன் மேலும் விழுந்தது, அரண்மனையில் இருந்தவர்கள் மேலும் விழுந்தது, உலகத்து உயிர்கள் எல்லாவற்றின் மேலும் விழுந்தது. அந்த அடிபட்ட திருமேனியை மாணிக்கவாசகர் திருவாசகத்தில் உருகிப் பாடியிருக்கிறார்.

அன்று பகலில் சுவாமியும் அம்மனும் புட்டுத்தோப்பில் இருப்பதால் மீனாட்சியம்மன் கோயில் நடை சாத்தியிருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நேராக ஆரப்பாளையம் வந்துவிடுங்கள். பிரசாதப் புட்டு கிடைத்தால், பக்கத்தில் கை நீட்டி நிற்பவர்களுக்கும் ஒரு பிடி கொடுத்துவிட்டுச் சாப்பிடுங்கள்.